கோரைக்குப் பொறுப்பாளர்

கிளாரா அதிகம் பேச மாட்டாள். அதனாலேயே அவள்மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. கம்பெனியில் எது காணாமல் போனாலும், எது புதிதாக முளைத்தாலும், முதலில் சரோஜாவைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள். சரோஜாவுக்கு வாய் நீளம். தான் செய்ததற்கும் செய்யாததற்கும் சேர்த்தே பதில் சொல்லிவிட்டு வருவாள். கிளாரா மாப்புக் குச்சியைப் பிடித்தபடி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். முகத்தைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் கேட்கிறவள் மாதிரி இருக்கும்.

இருவரும் ஒரகடத்துக்குப் பக்கத்தில், கார் சீட்டுக்குக் கம்பிச் சட்டம் செய்கிற கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தார்கள். குடியிருந்தது அந்தக் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் இருந்த தெருவில், எதிரெதிர் வீடு. கம்பெனி இருக்கும் இடம் முன்பு நெல் வயல். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட கிளாரா, அதே வயலில் கூலிக்குக் களை எடுத்தவள். வயல் போனதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு முழங்கால் சேற்றில் குனிந்து நின்றாள், இன்றைக்கு ஃபேனுக்குக் கீழே நிமிர்ந்து நின்று துடைக்கிறாள். முதுகைக் கேட்டால் எது நல்லது என்று சொல்லிவிடும்.

வருத்தம் மழை வந்தால்தான். வயலாக இருந்தபோது பெய்த தண்ணீரெல்லாம் வயலிலேயே நின்றது. இப்போது ஷெட்டுக் கூரை, சிமெண்ட் ரோடு, கார் நிறுத்தும் இடம் என்று எல்லாம் வழவழவென்று இருந்ததால், விழுந்த தண்ணீர் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் தென்கிழக்கு மூலைக்கு ஓடியது. அங்கே சுவரின் காலடியில் ஒரு சதுர ஓட்டை. அந்த ஓட்டைக்கு நேர் எதிரே தெரு. தெருவின் பள்ளமான கோடியில் கிளாராவின் வீடு. கம்பெனி தன் வாசலைச் சுத்தமாக வைத்துக்கொண்டது, அழுக்குத் தண்ணீர் கிளாராவின் அடுப்படிக்கு வந்தது. அடுப்பைக் கட்டில்மேல் ஏற்றுவாள். அரிசி டிரம்மை அதற்குப் பக்கத்தில் ஏற்றுவாள். மிச்ச இடத்தில் அவள் புருஷன் ஆபிரகாம் காலை மடக்கிப் படுத்துத் தூங்குவான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவனை வெள்ளத்தாலும் எழுப்ப முடியாது.

போன வருஷம் ஐப்பசியில் பொறுக்க முடியாமல் தெருப் பெண்கள் கம்பெனி கேட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஷிஃப்ட் பஸ்கள் எல்லாம் ரோட்டில் வரிசையாக நின்றன. கிளாராவும் சரோஜாவும் முன்வரிசையில், மற்றவர்களைப் போலவே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டூட்டி நேரம் வந்ததும் எழுந்து, சந்து வழியாகச் சுற்றிப் பின்பக்க கேட்டில் விரலை வைத்துவிட்டு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டார்கள். அட்மின் ஆபீசர் காசிராஜன் பதறிக்கொண்டு வந்து, வெளியே உட்கார்ந்திருக்கும் பொம்பளைகள் யார் யார் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள் சரோஜா. கிளாரா யோசித்துப் பார்த்து, மூஞ்சி தெரியவில்லையே சார் என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை.

பஸ் நின்ற நஷ்டத்துக்குப் பிறகுதான் கம்பெனிக்கு ஞானம் வந்தது. சென்னையிலிருந்து ஷீபா என்று ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். தண்ணீரை நிலத்துக்குள் இறக்குகிற தோட்டம் அமைப்பதுதான் அவள் படித்த படிப்பு. பெரிய தொப்பி, ஷூ நிறையச் சேறு, எல்லாரையும் அக்கா, அண்ணா என்று கூப்பிடுவாள். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் சிமெண்ட்டைப் பெயர்த்து, தாம்பாளம் மாதிரி அகலமாக ஒரு பள்ளம் எடுக்க வைத்தாள். அடியில் ஜல்லி, மேலே மணல், அதற்கும் மேலே எருக் கலந்த மண். ஓரக் கல்லை அங்கங்கே உடைத்துத் தண்ணீர் நுழைய வழி விட்டாள். பிறகு வெட்டிவேர், நாணல், கல்வாழை, நடுவில் கோரை என்று நட்டாள். ஏன் கான்கிரீட் கால்வாய் கட்டவில்லை என்று சரோஜா கேட்டதற்கு அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"கால்வாய் கட்டினா தண்ணி இன்னும் வேகமா உங்க தெருவுக்குத்தான்கா வரும். இங்க அது ஓடக் கூடாது, நிக்கணும். நின்னு மெதுவா உள்ள எறங்கணும். வேர் போற வழியிலதான் தண்ணியும் போகும்."

கம்பெனிக்காரர்கள் அதை ரெயின் கார்டன் என்றார்கள். தெருவில் அதற்குப் பள்ளம் என்றே பெயர் நின்றது.

ஷீபா நட்டுவிட்டு ஊருக்குப் போன அடுத்த வாரம், பள்ளத்தைப் பார்த்துக்கொள்ளும்படி கிளாராவிடம் சொன்னார்கள். அவளும் போய்ப் பார்த்தாள். பார்த்தவுடன் ரத்தம் கொதித்தது. பள்ளத்தின் நடுவெல்லாம் கோரை. ஷீபா செடிகள் நட்டது கிளாராவுக்குத் தெரியும், ஆனால் அந்த நடுப்பகுதியை நட்ட அன்று அவள் லீவில் இருந்தாள். வயலில் களை எடுத்துப் பழகிய பெண்ணுக்குக் கோரையைப் பார்த்தால் கை தானாகப் போகும். பாவம், அந்தப் பொண்ணு ஆசையாக நட்ட செடியையெல்லாம் இந்தச் சனியன் மூடுகிறதே என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். மதியத்துக்குள் ஒரு கோரை மிச்சமில்லை. அரைகுறையாகப் பிடுங்கியிருந்தால் அது தானே மறுபடி முளைத்திருக்கும். கிளாரா வேலையில் சுத்தம். கிழங்கோடு எடுத்து, வெயிலில் காயப்போட்டு, கட்டுக் கட்டாக அடுக்கியும் வைத்திருந்தாள்.

அடுத்த முறை வந்த ஷீபா நடு மொட்டையான பள்ளத்தைப் பார்த்து ஓரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். யார் செய்தது என்று கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரோஜா தான் செய்யாததற்குப் பதில் சொல்லாமல் கிளாராவைக் கை காட்டினாள்.

"களை நெறைய இருந்துச்சு மேடம். ஒரு வேர் வுடாம எடுத்துட்டேன்" என்றாள் கிளாரா, பாராட்டை எதிர்பார்த்து.

ஷீபா அழப்போகிறாளோ என்றிருந்தது. சிரித்துவிட்டாள். அந்தக் களைதான்கா செடி, அதை நர்சரியில் காசு கொடுத்து வாங்கி வந்தேன் என்றாள். கோரையைக் காசு கொடுத்து வாங்குகிற ஒருத்தி இருப்பாள் என்று கிளாரா கனவிலும் நினைத்ததில்லை. மறுநாளே ஏரிக்கரையிலிருந்து கோணிப்பையில் கோரை கொண்டுவந்து, தன் கையாலேயே நட்டாள். பெரிய சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தினமும் அதைப் பார்க்க வேண்டும், பிடுங்கக் கூடாது. பள்ளத்தைச் சுற்றி நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கிளாராவும் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள் என்றார்கள்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் இடியோடு மழை கொட்டியது. பள்ளம் தாம்பாளத்தில் பாயசம் ஊற்றினாற்போல் நிரம்பியது. தவளைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை, செகண்ட் ஷிஃப்ட்டுக்கு இவற்றைத்தான் ஆள் எடுத்தாற்போல் கத்தின. மறுநாள் மதியம் பார்த்தால் தண்ணீரைக் காணோம், ஈரம் மட்டும் இருந்தது. தெருவிலும் ஈரம் மட்டும்தான். கிளாரா தன் அடுப்படித் தரையை உள்ளங்காலால் தேய்த்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஐப்பசி மழைக்கும் இது தாங்கினால், இந்த வருஷம் தரையில் நின்றே சமைக்கலாம். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

காசிராஜனுக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது. அவர் விருதுநகர்ப் பக்கத்து ஆள். தலை வகிடு ஸ்கேல் வைத்து எடுத்தது மாதிரி இருக்கும். ஐப்பசி தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து கஸ்டமர்கள் ஆடிட்டுக்கு வருவதாகச் செய்தி வந்ததும் அவர் கம்பெனி முழுக்க நடந்து பார்த்தார். பள்ளத்தின் முன் வந்து நின்றார். நாணல் ஆள் உயரம் நின்றது. கோரை சாய்ந்து கிடந்தது. ஒரு தவளை அவரைப் பார்த்தது.

"என்னம்மா இது, ஊருணிக்கரை மாதிரி கெடக்கு. எல்லாத்தையும் அறுத்துத் தள்ளி மண்ணடிச்சு மூடுங்க. மேல கார்பெட் புல்லு விரிச்சுருவோம். வெள்ளிக்கிழமை லோடு வருது."

கிளாரா மெல்ல, தெருவுக்குத் தண்ணி வருமே சார் என்றாள். ஆடிட் முடியட்டும், அதற்குப் பிறகு தெருவைப் பார்க்கலாம் என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை. ஆடிட் முடிகிறவரை அவருக்கு உலகத்தில் தெரு என்று ஒன்று கிடையாது, அவ்வளவுதான்.

கிளாரா ஷீபாவுக்குப் போன் போட்டாள். ஷீபா கோயம்புத்தூரில் வேறொரு வேலையில் இருந்தாள். பெரிய மேனேஜருக்கு மெயில் அனுப்பிவிட்டதாகவும், அவர் படித்தாரா என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் மெயில் படிக்கிற மேனேஜரைக் கிளாரா இதுவரை பார்த்ததில்லை.

அன்றிரவு அவள் தூங்கினாளா தெரியாது. காலையில் வேலைக்கு வந்தபோது முகம் பூசைக்குப் போகிற முகமாக இருந்தது. அந்த முகத்தைக் கண்டால் சரோஜா மட்டும் இரண்டடி தள்ளி நிற்பாள்.

கம்பெனியில் ஃபைவ் எஸ் என்று ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளுக்கும் ஓர் இடம், எந்த இடத்துக்கும் சுற்றி ஒரு மஞ்சள் கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் பொறுப்பாளரின் போட்டோ போட்ட போர்டு. கோடும் போர்டும் வந்துவிட்டால் அதை யாரும் தொட மாட்டார்கள். ஸ்டோருக்கு வெளியே கால் உடைந்த ஸ்டூல் ஒன்று வருஷக்கணக்காக நின்றது. யாரோ தெரியாமல் அதைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அதை எடுத்து எறிய ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. தினமும் கிளாராதான் அதைத் துடைத்துவிட்டு வந்தாள்.

காசிராஜனின் பொறுப்பில் கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்டு, கழிவறை மூன்றும் இருந்தன. மூன்றுக்கும் போர்டு அடித்தபோது, முதல் போட்டோவில் கண் பாதி மூடியிருந்ததால் அவர் அவற்றை ஒதுக்கிவிட்டு வேறு அடிக்கச் சொன்னார். ஒதுக்கிய போர்டுகள் துடைப்பம் வைக்கும் ரூமில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. இடத்தின் பெயர் எழுத வேண்டிய பகுதி காலியாக இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளாரா ஒரு போர்டைத் துடைத்து எடுத்து, மார்க்கரைச் சரோஜாவிடம் நீட்டினாள். சரோஜாவின் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும்.

"இன்னா எழுதணும்?"

"மழைத் தோட்டம்னு எழுது."

சரோஜா போர்டிலிருந்த அரைத்தூக்கக் காசிராஜனைப் பார்த்தாள். கிளாராவைப் பார்த்தாள்.

"யக்கா, மாட்டினா என்னியத்தான் கூப்புடுவாங்க. நீ ஓரமா நின்னுகினு இருப்ப."

"ஆமா. எப்பவும் அப்டித்தான கீது" என்றாள் கிளாரா.

சரோஜா திட்டிக்கொண்டே எழுதினாள். சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கோடு போட்டதில் மிஞ்சிய மஞ்சள் பெயிண்ட் டப்பாவின் அடியில் கொஞ்சம் இருந்தது. ஓரக் கற்களில் கோடு விழுந்தது. கோரைக்கு நடுவே போர்டு ஊன்றப்பட்டது. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் இருவரும் கை கழுவிவிட்டு, கேன்டீன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை ரவுண்ட்ஸ் வந்த பெரிய மேனேஜர் பள்ளத்தின் அருகே நின்றார். பின்னால் காசிராஜன். மேனேஜர் போர்டைப் படித்தார், கோட்டைப் பார்த்தார், கோரையைப் பார்த்தார். பரவாயில்லையே காசிராஜன், இதையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்களா, அந்தப் பெண் ஷீபாகூட ஏதோ மெயில் போட்டிருந்தாள், கஸ்டமர்களுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள் என்றார்.

காசிராஜன் தன் படத்தைப் பார்த்தார். அது அவரைப் பாதிக் கண்ணால் பார்த்தது. தன் பொறுப்பு இடங்களில் தனக்கே தெரியாமல் ஒரு போர்டு முளைத்தது என்று சொன்னால் ஆடிட்டுக்கு முன்பே மதிப்பெண் போகும்.

"ஆமா சார். சும்மா கெடந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

சற்றுத் தள்ளி கிளாரா குப்பைத் தொட்டியின் பையை மாற்றிக்கொண்டிருந்தாள். பை வாய் திறக்க மறுத்ததால் அவள் நிமிரவே இல்லை.

விசாரணை வழக்கம்போல் சரோஜாவிலிருந்து தொடங்கியது. அவள் போர்டைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் யூனிஃபார்ம், சோப்பு, போனஸ் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்ததில் காசிராஜனுக்குத் தலை வலித்தது. கடைசியில் கிளாராவிடம் வந்து, நீ ஏதாவது பார்த்தாயா என்றார். நல்லாத்தான் இருக்குது சார் என்றாள் அவள். கேட்டது அதுவல்ல என்பது அவர் பாதி தூரம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை புல் லோடு வந்து இறங்கியது. பாய் மாதிரி சுருட்டிய பச்சைச் சுருள்கள். விரிக்க வேண்டிய இடத்தில் போர்டு நின்றதால், எங்கே போடுவது என்று தெரியாமல் பள்ளத்தின் ஓரக் கற்களை ஒட்டி வரிசையாக அடுக்கிவிட்டுப் போனார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காசிராஜனும் திருப்தியாகத் தலையாட்டினார். கிளாராவுக்கும் அன்று எதுவும் தோன்றவில்லை.

ஆடிட் அன்று மழை கஸ்டமர்களோடு சேர்ந்தே வந்தது. செம்பரம்பாக்கம் பக்கமிருந்து கறுத்து வந்த வானம், அவர்கள் கார் கேட்டுக்குள் நுழைந்ததும் பிளந்துகொண்டது. ஆவணி மழை இதற்கு முன்னால் வெறும் தூறல். கேன்டீன் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்த கிளாரா வெளியே பார்த்தாள். கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் ஒரே தகடாக ஓடி வந்தது. பள்ளத்தின் ஓரத்தை அடைந்தது. அங்கே புல் சுருள்களில் முட்டியது. ஓரக் கல்லை உடைத்து விட்ட வழிகளையெல்லாம் அந்தச் சுருள்கள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தண்ணீர் ஒரு கணம் தயங்கிவிட்டு, பழைய ஞாபகத்தில் தென்கிழக்கு மூலைக்குத் திரும்பியது. சுவர் ஓட்டையை நோக்கி.

கிளாரா துணியை ஜன்னலிலேயே போட்டாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவள் அடுப்படி.

அவளும் சரோஜாவும் ஓடிப்போய் ஒரு சுருளைப் பிடித்து இழுத்தார்கள். நனைந்த மண்ணோடு அது கன்றுக்குட்டி கனம் கனத்தது. அசையவில்லை. செக்யூரிட்டிக்காரர்களைக் கூப்பிட்டாள் சரோஜா. ஆடிட் நேரத்தில் அட்மின் சொல்லாமல் இடத்தைவிட்டு நகர முடியாது என்றார்கள். அட்மின் கேன்டீன் வராந்தாவில், டை கட்டிக்கொண்டு, வெளிநாட்டு ஆட்களுக்கும் பெரிய மேனேஜருக்கும் நடுவில் நின்றிருந்தது.

கிளாரா சொட்டச் சொட்ட நனைந்தபடி வராந்தா ஏறினாள். கோட்டுப் போட்ட ஆட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இதுவரை அவள் அங்கே யாரிடமும் தானாகப் போய்ப் பேசியதில்லை. இருந்தாலும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சார், உங்க தோட்டத்துக்குள்ள தண்ணி போவல. புல்லுக்கட்டு அடச்சிகினு கீது."

காசிராஜன் முறைத்தார். பெரிய மேனேஜர் காசிராஜனைப் பார்த்தார். வெளிநாட்டு ஆள் ஒருவர் என்ன என்று கேட்க, மேனேஜர் இவர்தான் அந்தத் தோட்டத்தின் பொறுப்பாளர் என்று இங்கிலீஷில் சொல்லி, போர்டைக் கை காட்டினார். மழையில் நனைந்த போர்டில் காசிராஜன் நிம்மதியாகக் கண் அயர்ந்துகொண்டிருந்தார்.

இனி வராந்தாவில் நிற்க வழியில்லை. அவர் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு மழையில் இறங்கினார். அட்மின் இறங்கியதைப் பார்த்துச் செக்யூரிட்டிக்காரர்களும் ஓடி வந்தார்கள். ஒரு சுருள் புரண்டது. இரண்டாவது புரண்டது. மூன்றாவதை இழுக்கும்போது காசிராஜன் வழுக்கி, தான் பொறுப்பேற்ற இடத்துக்குள்ளேயே உட்கார்ந்தார். வராந்தாவிலிருந்து கை தட்டல் கேட்டது. அவர் எழுந்தபோது வகிட்டைக் காணோம். ஆனால் தண்ணீர் அவர் காலைச் சுற்றிக்கொண்டு மடமடவென்று பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கோரை தலை சாய்த்து அதை வாங்கிக்கொண்டது. ஓட்டைப் பக்கம் போன தண்ணீர் இளைத்து, கயிறாகி, நூலாகியது.

அவர் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அந்தப் பள்ளம் என்ன செய்கிறது என்று அவர் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"போர்டு நீதானம்மா வச்சது?" என்று கேட்டார், திரும்பாமலே, மெதுவாக.

சரோஜா முந்திக்கொண்டு வாய் திறக்கப் போனாள். கிளாரா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆமா சார். அந்த ஓட்டைக்கு எதிர்ல என் வூடு."

காசிராஜன் முகத்திலிருந்த சேற்றை வழித்து உதறினார். வராந்தாவில் மேனேஜர் அவரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு, சிரித்த வாயோடே, நாளையிலிருந்து தோட்டத்துக்கு நீ, கழிவறைக்குச் சரோஜா, என்னைக் கேட்காமல் இங்கே ஒரு இலை அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரோஜா வீடு போய்ச் சேரும்வரை கிளாராவிடம் பேசவில்லை. மழை விடவில்லை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, ஒரு வீட்டு வாசற்படியையும் ஏறவில்லை. கிளாரா தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. அதன்மேல் ஆபிரகாம் காலை நீட்டிப் படுத்திருந்தான், கம்பெனி வந்த நாளிலிருந்து மழைக்காலத்தில் அப்படி அவன் நீட்டிப் படுத்து அவள் பார்த்ததில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போனவளை எதிர் வீட்டிலிருந்து சரோஜாவின் குரல் இழுத்தது.

சரோஜாவின் புருஷன் காலையில் வானம் கறுத்ததைப் பார்த்ததும், வழக்கம்போல் வெள்ளம் வரும் என்று டிவி, மிக்ஸி, துணி மூட்டை எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிக் கயிற்றால் கட்டிவிட்டு ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தான். சீரியல் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி வந்திருந்தாலாவது ஏத்துனதுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும். இப்போ இத்த யாரு எறக்குறது? உன் கோரையா வந்து எறக்கும்?"

கிளாரா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலிமேல் ஏறிக் கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"பாத்து, பாத்து," என்றாள் சரோஜா கீழிருந்து கைகளை ஏந்தியபடி. "மொதல்ல டிவிய குடு. மிக்ஸி நாளைக்கு எறங்கினா போதும்."